வைக்கோல் நிறம்

புரட்டாசி 18, வெள்ளி

நேரு செத்ததும் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் ஒரே வருஷம். நேரு வைகாசியில், தனுஷ்கோடி மார்கழியில். அந்த வருஷம் எனக்கு இருபது வயது. கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் வயதைக் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். "ஐயா, நம்பரா சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி பிரமு, "எம்பதுன்னு எழுதும்மா. இவுகளுக்குப் பொறந்த தேதி தெரியாது. யார் யாரு என்னைக்குச் செத்தாகன்னு மட்டும் தெரியும்" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பிரமு எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் பேச்சைச் சீராக்கித்தான் எழுதுவாள். இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. எத்தனை மணிக்குச் சொட்டு மருந்து விட்டோம் என்று ஒரு மாதத்துக்குக் குறித்துவர வேண்டும். "பாதிப் பக்கம் சும்மாதான கெடக்கு. மனசுல இருக்கத நாலு வார்த்தை சொல்லுங்க, எழுதுதேன்" என்று அவள்தான் ஆரம்பித்துவைத்தாள்.

இன்றைக்குக் காலையில் கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணில் மட்டும் புரை எடுத்திருக்கிறார்கள். இடது கண்ணுக்குத் தை மாதம். கட்டைப் பிரித்ததும் எதிரே சுவர் நீலம் பூசியதுபோல இருந்தது. "சுவருக்கு நீலமா அடிச்சிருக்கீங்க?" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். "வெள்ளைதான் ஐயா. இத்தனை நாளும் மஞ்சக் கண்ணாடி வழியாப் பாத்த மாதிரி பாத்திருக்கீங்க. அதான் வெள்ளை இப்ப நீலமாத் தெரியுது" என்றார்.

பிரமுவின் தலைமயிர் இவ்வளவு வெள்ளை என்று எனக்குத் தெரியாது.

தனுஷ்கோடி அழிந்த வருஷத்தில் வேறொன்றும் நடந்தது. அது இந்த நோட்டுக்கு வேண்டாம்.

புரட்டாசி 19, சனி

எட்டு மணிக்கு ஒரு சொட்டு. பன்னிரண்டு மணிக்கு ஒரு சொட்டு. நாலு மணிச் சொட்டை மறந்துவிட்டேன். ஏன் மறந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உலைப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். பட்டறைக்குள் போய்ச் சும்மா நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. அங்கே கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் கிடையாது. பட்டறைக்கல் தண்டவாளத் துண்டு. உலைக்குக் காற்று ஊதுவது என் மகள் தூக்கிப் போட்ட, முடி காய வைக்கிற மெஷின். இழைப்புளிகள் எல்லாம் உடைந்த தோணியின் இலுப்பைக் கட்டையில் நான் குடைந்தவை. இடதுகைக்காரருக்கு ஒன்று, விரல் போனவருக்கு ஒன்று என்று ஆளுக்குத் தகுந்தபடி பிடி மாற்றிக் கொடுப்பேன்.

மேசையில் ஒரு உளி கிடந்தது. சித்திரைக்குப் பிறகு நான் செய்த நாலு உளிகளில் ஒன்று. நாலும் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் கழித்துப் போட்ட பழைய அரங்களில் அடித்தவை. பிடி இல்லாமல், தலையிலிருந்து வாய் வரை ஒரே இரும்பு. சுத்தியலால் நேராகத் தலையில் அடித்து வேலை செய்கிற உளி.

கையில் எடுத்தேன். வெள்ளையாக இருந்தது.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டும். அரத்தின் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கல்லாக இறுகும். அந்த இறுக்கத்தோடு விட்டால் அது கண்ணாடி. அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதனால் முக்கிய பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, சூடான தகட்டில் வைத்து, மெதுவாக மறுபடி வாட்ட வேண்டும். பளபளப்பின் மேல் நிறம் ஏறும். முதலில் வைக்கோல் நிறம். அந்த நிறத்தில் எடுத்துவிட வேண்டும். அப்போது கூரும் நிற்கும், இரும்பும் உடையாது. இதற்குப் பதம் இறக்குவது என்று பெயர்.

இந்த உளியில் வைக்கோல் நிறமே இல்லை. பதம் இறங்கவே இல்லை.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தேன். வைக்கோல் நிறம். அருமையான வைக்கோல் நிறம். இடது கண்ணைப் பொத்தினேன். வெள்ளை. மாற்றி மாற்றிப் பொத்தினேன். கண்ணுக்குள் வைக்கோலை வைத்துக்கொண்டு இரும்பில் வைக்கோலைத் தேடியிருக்கிறேன். தகட்டில் வைத்த உடனேயே நிறம் வந்துவிட்டதாக நினைத்து எடுத்திருக்கிறேன்.

அரத்தை எடுத்து உளியின் மேல் இழுத்தேன். பதம் இறங்கிய இரும்பில் அரம் கொஞ்சமாவது கடிக்கும். இது கடிக்கவில்லை. கீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது.

மிச்சம் மூன்று உளியும் வெளியே இருக்கின்றன.

புரட்டாசி 20, ஞாயிறு

சொட்டு நாலும் விட்டாயிற்று.

யாரிடம் எது இருக்கிறது என்பதற்கு எனக்கு நோட்டு வேண்டாம். ஒன்று மட்டக்கடைப் பக்கம் கதவு நிலை செய்கிற எபனேசரிடம். ஒன்று பெயர்ப்பலகை செதுக்குகிற ரோஸ்லின் டீச்சரிடம். இரண்டும் ஆனி மாதம், பிரமு கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருந்தபோது கொடுத்தவை. மூன்றாவது சங்கரபாண்டியிடம். அவன் பிரமுவின் அண்ணன் கொம்பையாவின் மகன். சரக்குத் தோணிகளில் மரவேலை பார்க்கிறான். ஆவணிக் கடைசியில் வந்து வாங்கிப் போனான்.

இந்தப் பெயர்களை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த பிரமு நிமிர்ந்தாள். "எபனேசருக்கும் டீச்சருக்கும் குடுத்தீகளா? ஆவணில, அரத்து உளி வேற யாருக்காவது குடுத்தீகளான்னு கேட்டப்ப இல்லைன்னுதான சொன்னீக?"

சும்மா தூக்கிக் கொடுக்கிறேன் என்று ஏசுவாளே என்று அப்படிச் சொன்னேன்.

"வாங்க, இப்பவே போவோம்" என்றாள். புடவைகூட மாற்றவில்லை.

எபனேசர் கோயில் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி, சினிமால நடிக்கப் போறீகளா?" என்றான்.

"ஆனி மாசம் குடுத்த உளிய எடு."

"அதுவா! ஆண்டவர் சாட்சியாச் சொல்லுதேன் அண்ணாச்சி, அது மாதிரி உளிய நான் தொட்டதே இல்ல. மூணு மாசத்துல ரெண்டே தடவதான் சாணை புடிச்சேன். தேக்கு வெண்ணெய் கணக்கா போவுது."

அவன் புகழ்ந்துகொண்டே போனான். பதம் இறங்காத இரும்பு அப்படித்தான். கூர் மழுங்கவே மழுங்காது. உடைகிற நிமிஷம் வரைக்கும் அதைவிட நல்ல உளி உலகத்தில் கிடையாது.

"அத எங்கிட்டக் குடுத்துரு."

"குடுத்தத திருப்பிக் கேக்கீகளே! என்ன மைனி இது?"

பிரமு சொன்னாள்: "எபனேசரு, அது கண்ணு தெரியாத ஆளு அடிச்சது. எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான். உளியின் தலையில் ஓர் ஓரம் புதிதாகப் போயிருந்தது. அரிசி முனை அளவு.

"இது எப்ப போச்சு?"

"போன வாரம். சின்னச் சில்லு. சட்டையில வந்து குத்திச்சு." இரண்டாவது பொத்தானைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். அங்கிருந்து அவன் கண்ணுக்கு இரண்டு சாண்கூட இல்லை.

கண் நன்றாகத் தெரிந்த காலத்தில், பழைய லாரி வில்லுப் பட்டையில் நான் எனக்காக அடித்து வைத்திருந்த உளியை அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் ஒரு வீட்டு வேலையில் யாரோ இரும்பில் சுத்தியல் அடித்தார்கள். அடிக்கு அடி என் கை தானாகப் போய்க் கண்ணைப் பொத்தியது.

புரட்டாசி 21, திங்கள்

சங்கரபாண்டி போனை எடுக்கவில்லை. பிரமு பதினோரு தடவை போட்டாள்.

காலையில் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒரு மாதமாகவே இப்படித்தான். முப்பது வருஷம் பழகின கல். கேட்டால், "கல்லுக்கும் வயசாவுதுல்லா" என்கிறாள்.

புரட்டாசி 22, செவ்வாய்

ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்குப் போனோம். உளியைக் கேட்டதும் சமையல்கட்டுக்குள் போனார்.

"செதுக்க அது கனமா இருக்கு அண்ணாச்சி. பெயின்ட் டப்பா மூடி நெம்பத்தான் வச்சிருக்கேன். போன வாரம் ஒரு பலாப்பழம்கூட அதுலதான் பொளந்தேன்."

நெம்பினால்தான் முதலில் முறியும். அந்த உளி முறியாதது அந்த அம்மாவின் ஜெபம்தான். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

"என்ன அண்ணாச்சி, ஆபரேசன் கண்ணுக்கா கைக்கா?" என்றார் டீச்சர். பிரமு சிரிக்கவில்லை.

இப்போது பட்டறையில் மூன்று உளி. வெளியே ஒன்று.

புரட்டாசி 23, புதன்

சங்கரபாண்டி வேலை பார்க்கிற தோணியின் ஆபீசுக்குப் போனோம். தோணி புரட்டாசி ஒன்பதாம் தேதியே மாலத்தீவுக்குப் போய்விட்டதாம். கருங்கல்லும் வெங்காயமும் ஏற்றிப் போயிருக்கிறது. போகிற வழியில் பின்பக்கத்து விலாக்கட்டைகள் இரண்டை மாற்றுகிற வேலையும் இருக்கிறது, அதற்குத்தான் சங்கரபாண்டி போயிருக்கிறான் என்றார் கணக்குப்பிள்ளை. விலாக்கட்டை என்றால் தோணிக்கு விலா எலும்பு மாதிரி, நாட்டுக்கருவை மரம். உளியைக் கட்டையில் வைத்து, நாலு ராத்தல் சுத்தியலால் அடித்தால்தான் இறங்கும்.

"அவங்கிட்ட ஒரு தகவல் சொல்லணும். அந்த அரத்து உளியத் தொடாதன்னு."

"பெரியவரே, அங்க போய்ச் சேந்தாத்தான் போன் கெடைக்கும். நடுக்கடல்ல யாரு போய் உளியப் பத்திப் பேச?" என்றார். ஆனாலும் எழுதி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பிரமு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எங்க அண்ணன் கதையச் சொல்லுங்க" என்றாள்.

அது அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொன்னேன். தனுஷ்கோடியைக் கடல் கொள்வதற்குப் பத்து நாள் முன்னால், கடற்கரையில் வேலாயுத மேஸ்திரியின் தோணி கட்டுகிற கொட்டகை. அன்றைக்கு அங்கே ஐந்து பேர் இருந்தோம். மேஸ்திரி, மரம் அறுக்கிற தாவீது, பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற செய்யது, கொம்பையா, நான். கொம்பையா விலாக்கட்டையில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் முகத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து அவன் வலது கண்ணில் ஏறியது. கண் போயிற்று. சுத்தியல் ஏற்கெனவே ஓரம் உடைந்த சுத்தியல்.

"சுத்தியல் சில்லுதானா?" என்றாள்.

"சுத்தியல் சில்லுதான். மேஸ்திரியே பாத்துச் சொன்னாரே" என்றேன்.

எழுதினாள். ஐந்து பேர் என்று நான் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தி ஏதோ கேட்க வந்தவள்போல் இருந்தாள். கேட்கவில்லை.

புரட்டாசி 24, வியாழன்

கொம்பையாவின் மகன் கையில் என் உளி. இதைத் தவிர இன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை. சொட்டு நாலு.

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூசை. பயமில்லாமல் விடிந்த நாள் இது ஒன்றுதான். இன்றைக்கு யாரும் உளியைத் தொட மாட்டார்கள். சங்கரபாண்டி எந்தக் கடலில் இருந்தாலும் சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு நாள் ஒதுக்கித்தான் வைத்திருப்பான். அவன் அப்பன் அப்படிப் பழக்கியிருக்கிறான். ஒரு கண் போன பிறகும் கொம்பையா நாற்பது வருஷம் உளி பிடித்தான். தூரம் கணிக்க முடியாமல் இடது பெருவிரலில் அடித்துக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நான் அடித்துக் கொடுத்த உளிக்கு முதல் பொட்டு வைப்பான். "ஒன் உளி தங்கம் மாப்ள. அந்த மேஸ்திரியோட ஓட்டைச் சுத்தியல்தான் என்னைக் கெடுத்துச்சு" என்பான்.

பட்டறையைக் கூட்டி, இழைப்புளி, ரம்பம், துரப்பணம் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக வைத்தோம். அந்த மூன்று உளியையும் நான் மூலையில் சாக்குக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். பிரமு எடுத்து வந்து மற்றவற்றோடு வைத்துச் சந்தனம் பூசினாள்.

"அதுக்கு எதுக்கு?"

"குத்தம் இரும்புலயா இருக்கு?" என்றாள்.

புரட்டாசி 26, சனி

இன்றைக்கு எல்லாரும் மறுபடி உளியை எடுத்திருப்பார்கள்.

எட்டு மணிச் சொட்டு விடும்போது என் இமை மூடிக்கொண்டது. திறக்க முடியவில்லை. பிரமு விரலால் பிரித்துத்தான் விட்டாள். மருந்தின் துளி கண்ணை நோக்கி வருவது சில்லு வருவதுபோல் இருக்கிறது.

போன் அடித்தது. கேஸ் கம்பெனி. சங்கரபாண்டி இல்லை.

புரட்டாசி 27, ஞாயிறு

இன்றைக்குச் சொல்வதைத் திருத்தாமல் எழுது என்று பிரமுவிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரமு ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். கலியாணம் ஆகி ஐம்பத்திரண்டு வருஷம். நான் உலை மூட்டினால் டீயோடு வந்து வாசலில் நிற்பாள். உளியைத் தண்ணீரில் முக்குகிற சத்தம் கேட்டதும், "பதம் எறக்கியாச்சா?" என்பாள். நான் "ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகுதான் டீயைக் கையில் தருவாள். சமையலில் நான் உப்புப் பார்க்கிறேன், அதற்குப் பதிலுக்கு இவள் பதம் பார்க்கிறாள் என்று எல்லாரிடமும் கேலி சொல்லியிருக்கிறேன். ஆவணியில் சங்கரபாண்டிக்குச் செய்த உளிக்கும் கேட்டாள். "ஆச்சு, பாரு, வைக்கோல் நெறம்" என்று தூக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் உளியைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள். அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு குரலும் கேட்கும். வேலாயுத மேஸ்திரியின் குரல்.

அன்றைக்குக் காலையில் கொம்பையாவின் உளி வாய் ஒடிந்துவிட்டது. நான் ஒரு அரத்தை அடித்து உளியாக்கினேன். காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். மறுபடி வாட்ட அரை மணி நேரமாவது ஆகும். பலகை வளைத்துக் கட்டி நிற்கிறது, கொம்பையா சும்மா உட்கார்ந்திருக்கிறான், மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். எனக்கு அவரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும். உளியைத் துடைத்து நீட்டினேன். "பதம் எறக்குனியால?" என்றார். "ஆச்சு மேஸ்திரி" என்றேன்.

மூன்றாவது அடி.

சில்லு சுத்தியலிலிருந்து வரவில்லை. கொம்பையாவை எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடும்போது நான் உளியை எடுத்துப் பார்த்தேன். தலையில் புதிதாக ஒரு பள்ளம். இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கடலில் எறிந்தேன். மேஸ்திரி திரும்பி வந்து தேடினார். சுத்தியல்தான் கிடந்தது. அதன் பழைய உடைசலைப் பார்த்து, இதுதான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் புயல் வந்து கொட்டகை, சுத்தியல், பாதி கட்டின தோணி எல்லாவற்றையும் கொண்டு போயிற்று. ஊரெல்லாம் அழுதது. தனுஷ்கோடியில் அத்தனை உயிர் போயிருக்கிறது என்று செய்தி வருகிறது. எனக்கு ஓரத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு வருஷம் கழித்துக் கொம்பையாவே வந்து தங்கையைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். கட்டிக்கொண்டேன்.

இதைச் சொல்லிவிட்டு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவே இல்லை. நோட்டை மூடி, நாலு மணிச் சொட்டை விட்டாள்.

புரட்டாசி 28, திங்கள்

பத்தரை மணிக்குச் சங்கரபாண்டி கூப்பிட்டான். மாலத்தீவுக் கரையிலிருந்து. பிரமு போனைச் சத்தமாக வைத்து என் முன்னால் நீட்டினாள்.

"மாமா, கண்ணு நல்லாத் தெரியுதா? நான் கறுத்துப் போனது தெரிஞ்சிருமே!"

"ஒன் கண்ணு எப்பிடில இருக்கு?"

"என் கண்ணுக்கு என்ன? ஆபீஸ்ல ஏதோ உளியத் தொடாதன்னு சொன்னாகளாம். எந்த உளி மாமா?"

"ஆவணில குடுத்தது. அரத்து உளி. அத எடுத்தியா?"

"அதுலதான மாமா ரெண்டு வெலாவையும் முடிச்சேன். நாட்டுக்கருவை, இரும்பு மாதிரி கெடந்துச்சு. ஒரு வாரம் அடிச்சிருக்கேன்."

"சில்லு எதுவும் போகலையா? தலையில பாருல."

"இப்பத்தான் கையில வச்சிருக்கேன். தலை கொஞ்சம் மழுங்கிருக்கு, அவ்வளவுதான். என்ன மாமா, நீங்களே அடிச்சிட்டு நீங்களே சந்தேகப்படுதீக? அதான் அத்தை அன்னைக்கே தோசைக்கல்லுல வாட்டிக் குடுத்தாகளே!"

எனக்கு விளங்கவில்லை. "என்ன கல்லு?"

"தோசைக்கல்லு மாமா. நீங்க குளிக்கப் போனீகல்லா, அப்ப. 'இருல, ஒங்க மாமா ஒரு வேலைய மறந்துட்டாரு'ன்னு உளிய வாங்கி அரத்தால ஒரு இழு இழுத்துப் பாத்தாக. அடுப்புல கல்லப் போட்டுக் காய வச்சு மேல வச்சாக. தோசைதான் வரப்போவுதுன்னு நான் முக்கா மணி நேரம் ஒக்காந்திருக்கேன். கடைசில பொன்னு மாதிரி நெறம் வந்ததும் இடுக்கியால எடுத்துத் தண்ணீல போட்டு, இந்தான்னு உளியக் குடுத்தாக. தோசை தரவே இல்ல!"

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பிரமு போனை வாங்கி, "வரும்போது டின் மீனு வாங்கிட்டு வால" என்று சொல்லி வைத்தாள்.

வெறும் கல்லை அவ்வளவு நேரம் காய்ச்சினால் பழகின எண்ணெய்ப் பூச்சு எரிந்து போகும். அப்புறம் தோசை ஒட்டத்தான் செய்யும்.

சொட்டு நாலு.

புரட்டாசி 29, செவ்வாய்

காலையில் மூன்று உளியையும் அவள் தோசைக்கல்லில் அடுக்கினாள். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளையிலிருந்து ஒரு மங்கல், மங்கலிலிருந்து இளமஞ்சள், பிறகு வைக்கோல். வலது கண்ணால் பார்த்தேன். எபனேசர் உளியின் தலைப்பள்ளத்தின் ஓரங்களில் முதலில் நிறம் ஏறியது. ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"தெரிஞ்சிருந்தும் ஒம்பது நாளு என்னைப் பயப்பட விட்டியே" என்றேன்.

"ஒம்பது நாளுதான. எங்க அண்ணன் நாப்பது வருஷம் ஒத்தைக் கண்ணால பாத்தான்."

இடுக்கியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மொத நாளே சொல்லிருப்பேன். எபனேசர் பேரும் டீச்சர் பேரும் வந்துச்சு. பயம் இருந்தாத்தான் அதுகள ஓடியாடித் திருப்பி வாங்குவீகன்னு இருந்தேன். பெறவு, பயத்துல மத்ததும் வெளிய வந்துரும்னு தோணுச்சு. வந்துச்சு."

"மத்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கொட்டகையில அஞ்சு பேருன்னீகளே. அண்ணனுக்குக் கஞ்சி யாரு கொண்டு வந்தா?"

தூக்குவாளி. பச்சைப் பாவாடை. கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து நின்ற பன்னிரண்டு வயதுப் பெண். அந்த நாளின் ஒவ்வொரு சத்தமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளை மட்டும் அறுபது வருஷமாக நான் எண்ணவில்லை.

"தண்ணீல முக்குனத பாத்தேன். திரும்ப நெருப்புல வைக்காததப் பாத்தேன். மேஸ்திரி கேட்டப்ப நீங்க ஆச்சுன்னதக் கேட்டேன். அப்ப அது என்னன்னு வெளங்கல. கலியாணம் முடிஞ்சு வந்து, இந்தப் பட்டறை வாசல்ல நின்னு பாத்தப்பதான் முக்குனதுக்குப் பெறவு இன்னொன்னு இருக்குன்னு வெளங்கிச்சு."

"கொம்பையாகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா போன கண்ணு வருமா? சிநேகிதனும்லா போயிருவான்."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். அம்பத்திரெண்டு வருஷமா, டீயோட."

சொட்டு விடுகிற நேரம் ஆகியிருந்தது. நான் தலையைச் சாய்த்தேன். இமை மூடவில்லை. துளி விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நோட்டை எடுத்தாள். "அந்தக் கணக்கத் திருத்தணும். அஞ்சு இல்ல. சொல்லுங்க, எழுதுதேன்" என்றாள்.

சொன்னேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம், கார்த்திகைக் கடைசியில், அந்தக் கொட்டகையில் ஆறு பேர் இருந்தோம். வேலாயுத மேஸ்திரி, இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம் நெஞ்சு வலியில் போனார். சுத்தியலைச் சரியாகப் பார்க்காத பாவி நான்தான் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். தாவீது, எம்.ஜி.ஆர். செத்த அதே வாரம். செய்யது, ரெண்டாயிரம் பிறந்த தை மாதம். கொம்பையா, சுனாமிக்கு ஒரு மாதம் முன்னால், என் மடியில். கடைசியாகத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். உண்மையைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, தெரியாது.

உளியைக் கொடுத்தவன் நான் இருக்கிறேன். பார்த்தவர்களில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்.

"பேரச் சொல்லுங்க" என்றாள். பேனா தயாராக நின்றது. பிரமு என்று சுருக்காமல் முழுப் பேரையும் சொன்னேன்.

பிரம்மசக்தி.